மழைக்கு முன்னால் வரும் காற்று

2016 நவம்பர் 21. பகலில் 35 டிகிரி வெயில் அடித்த ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரை மாலையில் இடியும் புயற்காற்றும் கடந்துபோயின. அடுத்த 30 மணி நேரத்தில், மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுகளுக்கு வந்தவர்கள் வழக்கத்தைவிட 3,365 பேர் அதிகம். 10 பேர் இறந்தார்கள். ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தபோதே உயிர் போனவர்களும் அவர்களில் உண்டு.

அவர்களைத் திணறடித்தது அந்தக் காற்றுதான். பலமாகக் காற்றடித்தால் மாசு கலைந்துவிடும் என்றே நினைக்கிறோம். வாகனப் புகைக்கு அது பெரும்பாலும் சரி. இடிமேகத்தின் காற்று அப்படியல்ல. வெப்பக் காற்று மேகத்துக்குள் ஏறும்போது தரையிலுள்ள துகள்களையும் தூக்கிக்கொண்டு போகிறது. மழையில் குளிர்ந்து கனத்த காற்று அதே மேகத்திலிருந்து வேகமாக இறங்கித் தரையில் மோதி, மழைக்கு முன்பே பல கிலோமீட்டர் தூரம் பக்கவாட்டில் பாய்கிறது. அதன் முன்விளிம்பில் கொந்தளிப்பு கடுமையாக இருக்கும். தரையை ஒட்டியே ஓடும் குளிர்ந்த அடுக்கு என்பதால், அது சுமந்து வருவது நாம் மூச்சுவிடும் உயரத்திலேயே நிற்கும்.

மெல்பர்னில் அது சுமந்து வந்தது புல்லின் மகரந்தம். நகருக்கு வடக்கிலும் மேற்கிலும் மேய்ச்சல் நிலங்கள் நிறைய. அங்கே விளையும் ரைகிராஸ் புல்லின் மகரந்தம் முழுதாக இருந்தால் மூக்கோடு நின்றுவிடும், தும்மலோடு போகும். ஈரம் பட்டு வெடித்தாலோ, ஒரு மகரந்தத் துகளிலிருந்து நூற்றுக்கணக்கான நுண்துகள்கள் கிளம்பி நுரையீரலின் அடிவரை இறங்கும். அது வெடிப்பது மேகத்திலா தரையிலா என்று ஆய்வாளர்கள் வாதாடுகிறார்கள். மூச்சுக்குழலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது இனிமேல்தான். அன்று ஆஸ்துமாவால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர் இந்தியாவிலோ இலங்கையிலோ பிறந்தவர்கள். அவசரப் பிரிவுக்கு வந்து, பின்னர் விசாரிக்கப்பட்டவர்களில் 28 சதவீதம் பேருக்குத்தான் மருத்துவர் கண்டறிந்த ஆஸ்துமா ஏற்கெனவே இருந்தது. மற்றவர்களில் பலர் வசந்த காலத்துத் தும்மலையும் மூக்கொழுகலையும் ‘வெறும் ஹே ஃபீவர்’ என்று விட்டிருந்தவர்கள். அந்த ‘வெறும்’தான் ஆபத்து.

2017 முதல், மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநில அரசு, அக்டோபர் தொடங்கி டிசம்பர் முடிய, இடிமழை ஆஸ்துமா முன்னறிவிப்பு தருகிறது. விக்எமர்ஜென்சி செயலியில் பார்க்கலாம். அபாயம் அதிகம் என்று வந்தால், மழை தொடங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். காற்று வரும் முன்பே உள்ளே போய்க் கதவு, ஜன்னலைச் சாத்துங்கள். வெளிக்காற்றை இழுக்கும் ஏசியை நிறுத்துங்கள். அந்தக் குளிர்காற்றை வாங்க பால்கனியில் நிற்பதைப்போல மோசமான யோசனை வேறில்லை. ஆஸ்துமாக்காரர்கள் தடுப்பு மருந்தை இந்த மாதங்களில் ஒருநாளும் விடக்கூடாது.

மூச்சுத் திணறலை உடனே தணிக்கும் நீல நிற பஃபரை (இன்ஹேலரை) ஆஸ்திரேலிய மருந்தகத்தில் சீட்டில்லாமலே வாங்கலாம். மூச்சு இரைத்தால் நிமிர்ந்து உட்கார வைத்து, ஸ்பேசர் (பஃபரில் மாட்டும் குழாய்) வழியாக ஒவ்வொன்றாக 4 முறை மருந்தை அடியுங்கள். ஒவ்வொன்றுக்கும் 4 மூச்சு. 4 நிமிடத்தில் குறையவில்லையா, அவசர எண் 000-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அதையே திரும்பச் செய்யுங்கள். பேசவே முடியாத திணறல் என்றால் முதலிலேயே 000. ஆங்கிலம் தடுமாறினால் ‘ஆம்புலன்ஸ்’, ‘தமிழ்’ என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

பணத்துக்குப் பயந்து தயங்குபவர்கள் உண்டு. விக்டோரியாவில் ஆம்புலன்ஸ் கட்டணத்தை அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் ஏற்பதில்லை என்பது உண்மை. தொகை ஆயிரம் டாலரைத் தாண்டும். ஆனால் வெளிநாட்டு மாணவர்களின் கட்டாயக் காப்பீட்டில் அவசர ஆம்புலன்ஸ் அடங்கும். தகுதியுள்ள அரசுச் சலுகை அட்டை வைத்திருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. மற்றவர்கள் ஆம்புலன்ஸ் விக்டோரியாவில் ஆண்டுச் சந்தா கட்டிவிடலாம். இந்த மூன்றில் எதுவும் உங்களுக்கு இல்லையென்றால், அக்டோபர் பிறக்கும் முன்பே சந்தாவைக் கட்டிவிடுங்கள்.