சிவப்பு வைனும் திராட்சைச் சாறும்: உடல்நல விளைவுகள்

சிவப்பு வைன் என்பது கருந்திராட்சையைத் தோலுடனும் விதையுடனும் நொதிக்கச் செய்து பெறப்படும் மதுபானம் ஆகும். நொதிக்காத நிலையில் பிழிந்தெடுக்கப்படுவது திராட்சைச் சாறு ஆகும். தமிழில் "திராட்சை ரசம்" என்னும் சொல் இவ்விரண்டையும் குறிக்க வழங்குவதால், இக்கட்டுரையில் வைன், சாறு என்னும் சொற்களே பயன்படுத்தப்படுகின்றன. சிவப்பு வைன் இதயத்தைக் காக்கும் என்னும் கருத்து 1990களில் உலகெங்கும் பரவியது. பின்னர் வந்த ஆய்வுகள் இக்கருத்தைப் பெரிதும் வலுவிழக்கச் செய்துள்ளன.

உள்ளடங்கிய பொருட்கள்

திராட்சைக்கு நிறம் தரும் ஆந்தோசயனின்கள், துவர்ப்பைத் தரும் தனின்கள், ரெசுவெரட்ரால் ஆகியவை பாலிபீனால்கள் என்னும் வகையைச் சேர்ந்தவை. இவை பெரும்பாலும் தோலிலும் விதையிலும் உள்ளன. சிவப்பு வைன் தயாரிப்பில் தோல் பல நாட்கள் ஊறுவதாலும், உருவாகும் எத்தனால் இவற்றைக் கரைத்தெடுப்பதாலும் வைனில் இவை மிகுதியாகக் காணப்படுகின்றன. தோல் முன்னரே நீக்கப்படுவதால் வெள்ளை வைனில் இவை குறைவு. கருந்திராட்சைச் சாற்றிலும் பாலிபீனால்கள் உள்ளன.

சாறு தானாகவே நொதிக்கும் இயல்புடையது. 1869 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ செர்சி மாநிலத்தைச் சேர்ந்த தாமசு பிராம்வெல் வெல்ச்சு, சாற்றைச் சூடாக்கி ஈஸ்டை அழித்து, நொதிக்காமல் பாதுகாத்தார். தேவாலய நற்கருணையில் வைனுக்கு மாற்றாகப் பயன்படுத்துவதே அவரது நோக்கமாக இருந்தது.

150 மில்லிலிட்டர் அளவுள்ள ஒரு கோப்பைச் சிவப்பு வைனில் ஏறத்தாழ 14 கிராம் எத்தனால் உள்ளது. இனிப்பற்ற வகைகளில் சர்க்கரை மிகக் குறைவு. அதே அளவு சாற்றில் எத்தனால் இல்லை; ஆனால் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ளது. இவ்விரு பானங்களின் தீங்குகளும் முதன்மையாக இவ்விரு பொருட்களிலிருந்தே எழுகின்றன.

பிரெஞ்சு முரண்பாடு

பிரெஞ்சு மக்கள் வெண்ணெய், பாலாடைக்கட்டி போன்ற கொழுப்பு உணவுகளை மிகுதியாக உண்டபோதும், அவர்களிடையே மாரடைப்பு இறப்புகள் குறைவாகப் பதிவாயின. இது பிரெஞ்சு முரண்பாடு எனப்பட்டது. 1991 இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று இதற்குச் சிவப்பு வைனே காரணமாகலாம் எனக் கூறியதை அடுத்து, அந்நாட்டில் சிவப்பு வைன் விற்பனை வெகுவாக உயர்ந்தது. 1992 இல் செர்ச்சு ரெனோவும் மிசேல் டி லோர்செரிலும் தி லான்செட் ஆய்விதழில் எழுதிய கட்டுரை, குருதிச் சிறுதட்டுக்கள் ஒட்டிக்கொள்வதை மது குறைக்கிறது என விளக்கியது.

இவ்விளக்கம் பல வகைகளில் கேள்விக்குள்ளானது. பிரான்சில் மாரடைப்பு இறப்புகளில் ஒரு பகுதி வேறு காரணங்களின் கீழ் பதிவாகியிருந்ததையும், அங்கு கொழுப்பு நுகர்வு பிற நாடுகளைவிடப் பிந்தியே உயர்ந்ததையும் 1999 இல் மால்கம் லா, நிக்கோலசு வால்டு ஆகியோர் சுட்டிக்காட்டினர்.

குடிக்காதவரைவிட அளவாகக் குடிப்பவர் நலமாக இருப்பதாகக் காட்டிய ஆய்வுகளிலும் ஒரு குறை இருந்தது. நோயுற்றதால் குடியை விட்டவர்களும் "குடிக்காதோர்" பிரிவில் சேர்க்கப்பட்டிருந்தனர். இதனால் அப்பிரிவின் உடல்நலம் மோசமானதாகத் தோன்றியது. இதனை 1988 இலேயே செரால்டு சேப்பர் குழுவினர் எடுத்துக்காட்டியிருந்தனர். சீனாவில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2019 இல் வெளியானது. மது அருந்தும் அளவைக் குறைக்கும் மரபணு வேறுபாடுகளைக் கொண்டு ஆராய்ந்தபோது, அளவான குடி பக்கவாதத்திலிருந்து காப்பதில்லை என்றும், மது கூடக்கூட அந்நோய்க்கான வாய்ப்பும் கூடுகிறது என்றும் தெரியவந்தது.

ரெசுவெரட்ரால்

2006 இல், கொழுப்பு மிகுந்த உணவு உண்ட எலிகளுக்கு ரெசுவெரட்ரால் கொடுத்தபோது அவை கூடுதல் காலம் வாழ்ந்தன. கொடுக்கப்பட்ட அளவு நாளொன்றுக்கு ஒரு கிலோகிராம் உடல் எடைக்கு ஏறத்தாழ 22 மில்லிகிராம் ஆகும். உடல் எடை விகிதப்படி, 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு இது 1,320 மில்லிகிராம் ஆகும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் கொண்ட வைனாயின், அவர் நாள்தோறும் 264 லிட்டர் அருந்த வேண்டியிருக்கும். இத்தாலியின் கியான்டி பகுதியில் முதியோர் 783 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2014 இல் வெளியானது. உணவின் வழி உடலில் சேரும் ரெசுவெரட்ராலின் அளவுக்கும் இதய நோய், புற்றுநோய், இறப்பு ஆகியவற்றுக்கும் தொடர்பு காணப்படவில்லை.

வைனின் தீங்குகள்

எத்தனால் உடலில் அசிட்டால்டிகைடாக மாறி மரபணுப் பொருளைச் சிதைக்கிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988 இல் மதுபானங்களை மனிதரில் புற்றுநோய் உண்டாக்குபவை என வகைப்படுத்தியது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்கள் இவற்றுள் அடங்கும். வைன், பீர், சாராயம் என்னும் வேறுபாடு இங்கு இல்லை. மதுவில் தீங்கற்ற அளவு என ஒன்று இல்லை என உலக சுகாதார அமைப்பு 2023 சனவரியில் அறிவித்தது.

கருவுற்ற பெண்கள் அருந்தும் மது கருவின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இன்சுலின் எடுத்துக்கொள்வோருக்குக் குருதிச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். வைனில் உள்ள சல்பைட்டுகள் ஆஸ்துமா நோயாளர் சிலருக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கும்.

திராட்சைச் சாறும் முழுப்பழமும்

கருந்திராட்சைச் சாறு குருதிக்குழாய்கள் விரியும் திறனை மேம்படுத்துவதாகச் சிறிய ஆய்வுகள் சில காட்டியுள்ளன. எனவே திராட்சையின் பயனைப் பெற எத்தனால் தேவையில்லை எனலாம். எனினும் சாறு மாரடைப்பைத் தடுக்கும் என்பது நிறுவப்படவில்லை.

பழச்சாற்றிலுள்ள சர்க்கரையை உலக சுகாதார அமைப்பு கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரைகளுள் ஒன்றாகவே கருதுகிறது. 2,000 கிலோகலோரி உணவு உட்கொள்பவர் அத்தகைய சர்க்கரையை நாளொன்றுக்கு 50 கிராமுக்குள்ளும், இயன்றால் 25 கிராமுக்குள்ளும் வைத்துக்கொள்ளுமாறு 2015 இல் பரிந்துரைத்தது. ஒரு கோப்பைச் சாறே ஏறத்தாழ இவ்விரண்டாம் வரம்பை எட்டிவிடும். நீரிழிவு நோயாளர் இதனைக் கருத்தில் கொள்வது இன்றியமையாதது.

முழுப்பழத்தில் நார்ப்பொருளும் தோலும் இருப்பதோடு, மென்று உண்பதால் உண்ணும் அளவும் குறைகிறது. 2013 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், திராட்சை, ஆப்பிள் போன்ற பழங்களை முழுமையாக உண்டவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு குறைவாகவும், பழச்சாறு மிகுதியாக அருந்தியவர்களுக்குக் கூடுதலாகவும் காணப்பட்டது. தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சையும் கருந்தோலும் விதையும் உடைய வகையே ஆகும். இதயநலம் கருதிக் குடிக்காத ஒருவர் வைன் அருந்தத் தொடங்குவதற்கு மருத்துவ அடிப்படை இல்லை என்பதே இன்றைய அறிவியலின் நிலைப்பாடு ஆகும்.