பெரம்பாக்கம் வழியே போன படை

நமது திருவள்ளூர் மாவட்டத்தில் ஓடும் கொசஸ்தலை ஆறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். ஆனால் நகரி மலைப்பக்கம் மழை கொட்டினால், இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். இந்த வெள்ளம் ஒரு போரின் போக்கையே மாற்றியது என்பதை நம்மில் பலர் அறியோம்.

1780-ஆம் ஆண்டு. மைசூர் ஹைதர் அலி ஆர்க்காட்டை முற்றுகையிட்டிருந்தார். ஆங்கிலேயத் தளபதி மன்றோ காஞ்சிபுரத்தில் படை சேர்த்தார். குண்டூரிலிருந்து கர்னல் பெய்லி சுமார் 2,800 வீரர்களுடன் கும்மிடிப்பூண்டி வழியே வந்து அவருடன் சேரவேண்டும். ஆகஸ்டு 25 அன்று பெய்லி கொசஸ்தலையை அடைந்தார். அப்போது ஆற்றைக் கடந்திருக்கலாம். அவரோ வடகரையிலேயே கூடாரம் அடித்தார். அன்றிரவு வெள்ளம் வந்தது! செப்டம்பர் தொடக்கத்தில்தான் மறுகரை ஏற முடிந்தது.

அதற்குள் ஹைதர் தம் மகன் திப்புவை அனுப்பிவிட்டார். செப்டம்பர் 6 அன்று பெரம்பாக்கத்தில் திப்பு தாக்கினார். பெய்லி தாக்குப்பிடித்தாலும் மேலே நகர இயலவில்லை. மன்றோ அனுப்பிய கர்னல் பிளெட்சர் சுமார் 1,000 பேருடன் 9-ஆம் தேதி வந்து சேர்ந்தார். வழிகாட்டிகள் மீது ஐயம் கொண்டு அவர் பாதையை மாற்றியதால்தான் அதுவும் முடிந்தது. அன்றிரவு இரு படைகளும் சேர்ந்து புறப்பட்டன. ஆனால் பெய்லி நடுவழியில் மீண்டும் நின்று, விடியட்டும் என்று காத்திருந்தார். ஆற்றங்கரையில் செய்ததையே மறுபடியும் செய்தார் எனலாம். விடிந்தபோது புள்ளலூர் அருகே நாற்புறமும் மைசூர்ப் படை! வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. பெய்லி சரணடைந்தார், ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையில் 1782-இல் இறந்தார்.

உதவிக்குப் புறப்பட்ட மன்றோ, காயம்பட்ட சிப்பாய் ஒருவர் மூலம் செய்தி அறிந்து திரும்பினார். கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்குப் பின்வாங்கினார். பின்வாங்கும் படையின் வால்பகுதியைக் காப்பது மிகக் கடினமான வேலை. ஹைதரின் குதிரைவீரர்கள் அந்தப் பின்காவல் படையை வழிநெடுக விரட்டினர்.

மன்றோவின் படையில் ஸ்காட்லாந்து மலைநாட்டு ரெஜிமெண்டு ஒன்று இருந்தது. அதைத் திரட்டிய மக்லௌடு பிரபு, 1745-இல் தம் 18-ஆம் வயதில், ஸ்டூவர்ட் இளவரசர் சார்லஸின் பக்கம் நின்று ஆங்கில அரசை எதிர்த்த கிளர்ச்சிக்காரர்! அக்கிளர்ச்சிப் படை பின்வாங்குகையில் டிசம்பர் 18 அன்று கிளிஃப்டன் சிற்றூரில் அதன் பின்காவல் வீரர்கள் அரசுக் குதிரைப்படையைத் தடுத்து நிறுத்த, மற்றவர்கள் தப்பினர். மக்லௌடு பின்னர் பிடிபட்டு, 1748-இல் மன்னிக்கப்பட்டார். எதிர்த்த அரசுக்காகவே முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் காஞ்சிபுரத்தில் நின்றார்.

புள்ளலூர்ப் போரின் சுவரோவியத்தை ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகையில் இன்றும் காணலாம். பல்லக்கில் அமர்ந்திருப்பவர் பெய்லி.