வெயில் படும் முகப்புப் பாத்திக்கு ஏற்ற குட்டை ரோஜா

கிராமத்தில் ஒரு வீட்டின் முகப்பையோ, கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தின் முன்புறத்தையோ அலங்கரிக்க வேண்டுமென்ற எண்ணம் உண்டானவுடன், பெரும்பாலோருக்கு முதலில் நினைவுக்கு வருவது ரோஜாச் செடியேயாகும். சந்தையில் பூத்த நிலையிலுள்ள செடிகளைக் கண்டு, நிறத்தில் மயங்கி, பத்துப் பன்னிரண்டை வாங்கி வந்து நெருக்கமாக நட்டுவிடுகிறார்கள். முதலாண்டு பாத்தி அழகாகவே இருக்கிறது. இரண்டாவது கோடையில் சில செடிகள் ஆள் உயரம் வளர்ந்து நடைபாதையில் முட்களை நீட்டுகின்றன. சில நுனியிலிருந்து கருகி மாய்கின்றன. "நம் ஊர் மண்ணுக்கு ரோஜா வராது" என்று சொல்லிப் பாத்தியைக் கைவிடுவதே பெரும்பாலும் முடிவாகிறது. குற்றம் மண்ணினுடையதன்று. அந்த இடத்திற்கு எந்த ரகம் ஏற்றது என்று முன்கூட்டியே யோசியாமையே காரணமாகும்.

இது அற்ப விஷயமென்று தள்ளத்தக்கதன்று. சங்கத்தின் முன்னுள்ள பாத்திக்குச் செலவிடும் பணம் அங்கத்தினர் அனைவரின் பொதுப் பணம். சித்திரை வைகாசியில் அச்செடிகளுக்கு ஊற்றும் ஒவ்வொரு குடம் தண்ணீரும் யாரோ ஒருவர் இடுப்பில் சுமந்து கொணர்ந்ததேயாகும். அப்பணமும் உழைப்பும் வீணாகாதிருக்க வேண்டுமானால், நடுவதற்கு முன் ரகத்தை ஆராய்வது அவசியம்.

ரகங்களின் வேற்றுமை

தமிழ்நாட்டின் சமவெளியில் பூவுக்காகப் பெரிதும் பயிராவது எட்வர்ட் ரோஜா. இது போர்பன் என்ற வகையைச் சேர்ந்தது. இப்பொழுது ரீயூனியன் என வழங்கும் இந்துமகா சமுத்திரத் தீவுக்கு முன்னாளில் போர்பன் என்ற பெயர் இருந்தது. அங்கே வேலியாக வளர்க்கப்பட்ட சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் கலந்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வகை வெளிப்பட்டது. நறுமணமும், வெப்பத்தைத் தாங்கும் வலிமையும் இதன் சிறப்புகள். மாலைக்கும் கூந்தலுக்கும் பூ வேண்டுவோர் தோட்டத்திலோ வேலியோரத்திலோ இதனை வைப்பது நன்று. ஆனால் இது பரந்து உயர்ந்து வளரும் இயல்புடையது. குறுகிய முகப்புப் பாத்தியில் அடங்காது.

நீண்ட காம்பில் தனித்தனியே பெரிய பூப்பூக்கும் ஒட்டு ரோஜாக்கள் மற்றொரு வகை. ஒரு பூவின் அழகுக்கு அவையே முதன்மையானவை. எனினும் பூக்கள் உதிர்ந்தபின் அடுத்த பருவம் வரும்வரை, அடிப்புறம் வெறுமையான குச்சிகளே கண்ணுக்குத் தோன்றும்.

மூன்றாவது வகையே ஈண்டு முக்கியமானது. ஜப்பான், சீனா முதலிய நாடுகளுக்குரிய கொத்துப் பூ ரோஜாவையும், ஆண்டு முழுவதும் பூக்கும் குட்டையான சீன ரோஜாவையும் கலந்து பிரான்ஸ் தேசத்தில் உண்டாக்கிய வகைக்குப் பாலியாந்தா என்று பெயர். இதில் முதலாவதான பாக்கரெத் என்ற ரகம், லியோன் நகரத்துத் தோட்டக்காரர் கில்லோ என்பவரால் 1875ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. இச்செடிகள் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டரை அடி உயரத்தில் அடங்கி, அடியிலிருந்தே பல கிளைகள் விட்டுப் புதராக நிற்கும். பூக்கள் சிறியவை; ஆயினும் கொத்துக் கொத்தாக, ஒன்று ஓய்வதற்குள் மற்றொன்றாக வந்துகொண்டிருக்கும். எக்கோ, சுவாதி, அஞ்ஜனி முதலியவை இந்தியாவில் வளர்க்கப்படும் பாலியாந்தா ரகங்கள். ஊர்ப்புறங்களில் பட்டன் ரோஜா என்று விற்கப்படும் சிறு பூச்செடிகளிலும் இவ்வியல்புடையவை உண்டு. இவற்றின் குறை ஒன்றே: மணம் மிகக் குறைவு. மணத்தையே பெரிதாகக் கருதுவோர் இதனை அறிந்து வாங்குதல் வேண்டும்.

ஒரு கணக்கு

பன்னிரண்டு அடி நீளமும் நான்கு அடி அகலமும் உள்ள பாத்தி ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். குட்டை ரகமானால் செடிக்குச் செடி இரண்டடி இடைவெளியும், ஓரத்திலிருந்து ஓரடியும் விட்டு, வரிசைக்கு ஆறாக இரண்டு வரிசையில் பன்னிரண்டு செடிகள் வைக்கலாம். அதே பாத்தியில் எட்வர்ட் ரோஜாவை மூன்றடிக்கு ஒன்றாக நட்டால் நான்கே செடிகள் கொள்ளும். அவையும் பாதையின் மேல் சாயும். இதை மறந்து பன்னிரண்டு பெரிய செடிகளை அடைத்துவிட்டால் காற்றோட்டம் குன்றும். மழைநீர் இலைகளில் நெடுநேரம் தங்கும். கரும்புள்ளி நோய் பரவும்.

வெயிலும் நிறமும்

ரோஜாவுக்கு நாள்தோறும் ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். கிழக்கு நோக்கிய முகப்பில் காலை வெயில் இலைப்பனியை விரைவில் உலர்த்துவதால் அது மிகச் சிலாக்கியமானது. மேற்கு நோக்கிய முகப்பில் பிற்பகல் வெப்பத்தோடு சுவரின் அனலும் சேரும். அங்கே சுவரிலிருந்து இரண்டடியேனும் விலகிப் பாத்தி அமைத்தல் வேண்டும். அத்தகைய இடத்தில் கருஞ்சிவப்புப் பூக்களின் இதழ் ஓரம் கருகிவிடுவதுண்டு. வெண்மையும் இளஞ்சிவப்பும் கடும் வெயிலை மேலாகத் தாங்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

சிறு பையிலோ தொட்டியிலோ வேர் நெருங்கி நிற்கும் செடி எதுவாயினும் குட்டையாகவே தோன்றும். வளர்ச்சியைக் குறைக்கும் மருந்திட்டுக் குறுக வைத்த செடிகளும் விற்பனைக்கு வருகின்றன. அவை மண்ணில் இறங்கிச் சில மாதங்களுக்குப் பின்னரே தம் உண்மை உயரத்தைக் காட்டும். ஆகையால் தரையில் இரண்டாண்டு நின்ற தாய்ச்செடியைக் காட்டும்படி கேட்பதே உத்தமம். அஃது இயலாவிடில், கணுக்கள் நெருங்கியிருக்கின்றனவா, அடியிலிருந்து மூன்று நான்கு கிளைகள் எழுந்துள்ளனவா, இலையின் அடிப்புறம் செம்பேன் இன்றித் தூய்மையாக உள்ளதா என்று பார்க்க வேண்டும். இப்பரீட்சையில் பூவின் எண்ணிக்கை கடைசியாகக் கவனிக்கத்தக்கது.

ஒட்டுச் செடியில், ஒட்டுக்குக் கீழிருந்து எழும் தளிர் வேர்ச்செடியினுடையது. அதை வளரவிட்டால் வாங்கிய ரகம் அழிந்து காட்டு ரோஜாவே மிஞ்சும். போத்தில் வேர்விட்ட செடிக்கு இத்தொல்லை இல்லை.

பன்னிரண்டு செடிகளையும் ஒரே நாளில் வாங்குவது விவேகமன்று. இரண்டு செடிகளை மட்டும் வாங்கி அதே பாத்தியில் நட்டு, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கவனித்தல் நலம். இரண்டையும் தாங்கிப் பூத்தால், மழை மாதங்களில் முற்றிய கிளைகளிலிருந்து ஆறங்குல அளவில் போத்துகள் வெட்டி, நிழலில் ஈரமணலில் ஊன்றி வேர்விடச் செய்யலாம். பாலியாந்தா ரகங்கள் போத்தில் எளிதாக வேர்விடுபவை. எல்லாப் போத்துகளும் பிழைக்கமாட்டா. எனவே வேண்டியதைப் போல் இரு மடங்கு ஊன்றுவது முறை. இவ்வாறு செய்தால் இரண்டு செடிகளின் விலையில் பாத்தி முழுவதும் நிரம்பும். தவறான ரகமானாலும் நஷ்டம் இரண்டு செடிகளோடு நிற்கும்.

நடுதலும் பேணுதலும்

ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி வெட்டி, நன்கு மக்கிய தொழு உரத்தை மேல்மண்ணோடு கலந்து நிரப்ப வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் நீர் தேங்கும் ஊர்களில் பாத்தியைத் தரைமட்டத்திற்கு அரை அடி உயர்த்துவது அவசியம். தேங்கிய நீரில் வேர் அழுகிவிடும். உப்புக் கிணற்று நீர் ரோஜாவுக்கு ஆகாது. இலையோரம் காய்ந்து வருவது அதன் அறிகுறி. தண்ணீரைக் காலையில், இலைமேல் படாமல் வேரடியில் ஊற்றுதல் வேண்டும். வேரடியில் சருகையோ வைக்கோலையோ பரப்பி வைத்தால் ஈரம் நெடுநேரம் நிற்கும். கோடையில் குடங்களின் எண்ணிக்கையும் குறையும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள காலத்தில், மழையில்லாத ஒரு நாளில் கவாத்து செய்யலாம். குட்டை ரகங்களில் மூன்றிலொரு பங்கு உயரத்தைக் குறைத்து, காய்ந்த கிளைகளை அடியோடு நீக்கினால் போதுமானது. வெட்டுவாயில் போர்டோ பசை தடவினால் நுனிக்கருகல் இறங்காது. வாடிய பூங்கொத்துகளை உடனுக்குடன் கிள்ளிவிட்டால் அடுத்த கொத்து விரைந்து வரும்.

இடத்தை அளந்து, வெயிலைக் கவனித்து, தாய்ச்செடியைக் கண்டு, இரண்டு செடிகளால் சோதித்தபின் பெருக்குவதே செலவு குறைந்த வழி. இவ்வாறு ஒரு சங்கத்தின் முன் ஒரு பாத்தி நிலைத்துவிட்டால், அதன் கவாத்தில் விழும் போத்துகளே அங்கத்தினர் ஒவ்வொருவர் வீட்டு முகப்பிற்கும் செலவின்றிச் செடியாகும்.