மலைச் சரிவுக்கு ஏற்ற பனை
கித்துளை விதையிலிருந்து வளர்க்கும் முறை

இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் புதிய காணியில் முதலில் நட விரும்புவது தமக்குப் பழக்கமான மரத்தையே. வடக்கிலிருந்து வந்தோர் பனையை நினைக்கின்றனர். தாழ்நிலத்திலிருந்து வந்தோர் தென்னையை நினைக்கின்றனர். மாத்தளை மாவட்டத்தின் மலைப்பகுதிகளில் குடியேறியோர் பலரிடம், குளிரைத் தாங்கி வளரும் கலப்பினத் தென்னங்கன்று கிடைக்குமா என்ற கேள்வி இருக்கின்றது. இக்கேள்விக்கு விடை கூறுவதோடு, இம்மலைகளுக்கே உரிய கித்துள் மரத்தை விதையிலிருந்து வளர்க்கும் முறையையும் இக்கட்டுரையில் விளக்குகின்றோம்.

கலப்பினம் என்பது என்ன?

ஒரு வகை மரத்தின் மகரந்தத்தை மற்றொரு வகை மரத்தின் பூவில் சேர்த்துப் பெறப்படும் விதையே கலப்பின விதை. நமது நாட்டில் லுணுவிலையிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிறுவனம் குட்டைத் தென்னையையும் நெட்டைத் தென்னையையும் இவ்வாறு கலந்து கன்றுகளை உருவாக்கியுள்ளது. இதற்கென அம்பகெலேயில் மற்றைய தென்னைகளிலிருந்து ஒதுக்கமாக ஒரு விதைத் தோட்டம் 1955இல் அமைக்கப்பட்டது. இக்கன்றுகள் விரைவில் காய்க்கும், கூடுதலாகவும் காய்க்கும். ஆனால் கலப்பின மரத்தில் விழும் தேங்காயை முளைக்க வைத்தால் அதே குணமுள்ள கன்றுகள் கிடைப்பதில்லை. ஒன்று தாயைப் போலவும் மற்றொன்று பாட்டனைப் போலவும் வரும். ஆகவே அயல்வீட்டுக் கலப்பின மரத்தின் தேங்காயை விதைக்கு வாங்குவதில் பயனில்லை.

குளிர் நாடுகளில் குளிரைத் தாங்கும் கலப்பினப் பனைகளை உருவாக்கியுள்ளனர் என்பது உண்மையே. தென் அமெரிக்காவின் பூட்டியா பனையையும் ராணிப் பனையையும் கலந்து பெற்ற மரம் இதற்கு நல்ல உதாரணம். அதற்குக் கோவேறு கழுதைப் பனை என்றே பெயர். கோவேறு கழுதையைப் போலவே அதுவும் பொதுவாக மலடு. ஒவ்வொரு கன்றுக்கும் மனிதர் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். அது வீதியோர அழகுக்கு நடப்படும் மரம். நமது அடுப்புக்கும் பானைக்கும் அதனால் பயனில்லை.

தென்னை நமது நாட்டில் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீற்றர் உயரத்துக்கு மேல் சரியாகக் காய்ப்பதில்லை. பனை வெப்பமும் வரட்சியும் உள்ள சமவெளியின் மரம். எனவே மாத்தளை நகரை அண்டிய தாழ்ந்த பகுதிகளில் தென்னை நடலாம். றத்தோட்டைக்கு மேலே, றிவர்ஸ்ரன், இலுக்கும்புர, லக்கலை மலைப்பக்கங்களில் காணி உள்ளவர்கள் கித்துளைப் பற்றிச் சிந்திப்பது நல்லது.

கித்துளின் இயல்பு

கித்துளும் பனைக் குடும்பத்தைச் சேர்ந்ததே. தமிழில் இதனைக் கூந்தற்பனை என்றும் சொல்வர். இலைகள் மீன் வாலைப் போன்று பிளவுபட்டிருக்கும். 1,000 மீற்றருக்கு மேற்பட்ட மலைகளிலும் ஈரமும் குளிரும் உள்ள இடங்களில் இது தானாகவே வளர்கின்றது. நக்கிள்ஸ் மலைத்தொடரைச் சூழ்ந்த கிராமங்களில் கித்துள் பாணியும் கருப்பட்டியும் நெடுங்காலமாகக் குடும்ப வருமானமாக இருந்து வருகின்றன. மரத்தின் உட்சோற்றிலிருந்து மாவும், நாரிலிருந்து தும்புத்தடியும் கிடைக்கின்றன.

பனைக்கும் கித்துளுக்கும் இரண்டு பெரிய வேறுபாடுகள் உண்டு. பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. கித்துளில் ஒரே பாளையில் ஆண் பூவும் பெண் பூவும் உள்ளன. இரண்டாவது வேறுபாடு மிக முக்கியமானது. பனை பல தலைமுறைக்கு நிற்கும். கித்துளோ பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வளர்ந்தபின் உச்சியில் முதற் பாளையை விடும். பின்னர் ஒவ்வொன்றாகக் கீழ்நோக்கிப் பாளை விட்டு, ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் பட்டுப்போகும். ஒருமுறை நட்டுவிட்டு மறந்துவிடக்கூடிய மரம் இதுவல்ல.

நல்ல விதை ஏன் அரிதாகின்றது?

சீவப்பட்ட பாளை காய்க்காது. இந்த ஒரு விடயத்தை நாம் ஆழமாக எண்ணிப்பார்க்க வேண்டும். நன்றாகச் சாறு தரும் மரத்தின் பாளைகளைச் சீவல் தொழிலாளர் ஒன்றும் விடாமல் சீவுகின்றனர். சாறு குறைந்த மரத்தை ஓரிரு முறை சீவிப் பார்த்துவிட்டுக் கைவிடுகின்றனர். அந்த மரமே காய்த்துப் பழுக்கின்றது. மரநாய் அப்பழத்தைத் தின்று விதையைக் காடெங்கும் பரப்புகின்றது. இவ்வாறு நல்ல மரம் சந்ததியின்றிப் பட்டுப்போக, நலிந்த மரத்தின் பிள்ளைகளே பெருகுகின்றன. நெல்லில் நல்ல கதிரைச் சோற்றுக்கும் பதரை விதைக்கும் எடுப்பவர் எவரும் இல்லை. கித்துளில் நாம் அறியாமலே அதைத்தான் செய்து வருகின்றோம்.

பரிகாரம் எளிது. நன்கு சாறு தரும் மரத்தில் ஒரேயொரு பாளையைச் சீவாமல் விதைக்கு விட வேண்டும். ஒரு பாளையில் ஆயிரக்கணக்கான காய்கள் பிடிக்கும். ஒரு கிராமம் முழுவதற்கும் அது போதும். அப்பாளையால் மர உரிமையாளருக்கும் சீவுபவருக்கும் வருமானம் குறையும் என்பதை மறுப்பதற்கில்லை. கன்று பெற விரும்பும் குடும்பங்கள் சேர்ந்து அந்த இழப்பை ஈடுசெய்தால் எவருக்கும் பாரமாகாது. எந்த மரம் நல்ல மரம் என்பதைச் சீவுபவரே அறிவார். அவரிடம் கேட்டே தெரிவு செய்யுங்கள். மகரந்தம் வேறு மரத்திலிருந்தும் வரக்கூடும். ஆதலால் எல்லாக் கன்றும் தாயைப் போல இராது. ஆயினும் கண்டபடி பொறுக்கிய விதையை விட இது மேலானது.

விதை சேகரித்தல்

1. பழங்கள் நன்கு சிவந்து கறுக்கத் தொடங்கியதும் குலையை வெட்டி இறக்குங்கள்.

2. பழச்சதையில் கண்ணுக்குத் தெரியாத ஊசி போன்ற பளிங்குகள் உண்டு. அவை பட்டால் தோல் கடுமையாக அரிக்கும். இம்மரத்தின் தாவரவியற் பெயரான கரியோட்டா யூரென்ஸ் என்பதில் யூரென்ஸ் என்ற சொல்லுக்கே எரிக்கின்றது என்றுதான் பொருள். ஆகவே வெறுங்கையால் பிசையக் கூடாது. கையுறை அல்லது தடித்த பொலித்தீன் பை அணியுங்கள். சிறு பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

3. பழங்களைச் சில நாட்கள் தண்ணீரில் ஊறவைத்து, சாக்கில் இட்டு மணலுடன் தேய்த்துக் கழுவினால் சதை கழன்றுவிடும். மிதக்கும் விதைகளை அகற்றிவிடுங்கள்.

4. விதையை வெயிலில் காயவிடவோ, அடுத்த ஆண்டுக்கென வைத்திருக்கவோ கூடாது. உடனே பாத்தியில் இட வேண்டும்.

நாற்றுமேடை

பனம்பாத்தி போட்டுக் கிழங்கு எடுத்தவர்களுக்கு இவ்வேலை புதிதல்ல. பனங்கொட்டையைப் போலவே கித்துள் விதையும் முதலில் கீழ்நோக்கி ஒரு தண்டை விட்டு, விதைக்குச் சற்று அப்பாலேயே வேரையும் குருத்தையும் தோற்றுவிக்கும். எனவே பாத்தி ஆழமாகவும் இளக்கமாகவும் இருத்தல் வேண்டும். மணலும் தென்னந்தும்புத் தூளும் கலந்து ஓரடி உயரத்துக்குப் பாத்தி அமைத்து, விதையை இரண்டு சென்ரிமீற்றர் ஆழத்தில் இட்டு, வைக்கோலால் மூடுங்கள். நிழல் அவசியம். ஈரம் குறையவும் கூடாது. நீர் தேங்கவும் கூடாது.

அதன்பின் பொறுமை தேவை. சில விதைகள் இரண்டு மூன்று மாதங்களில் முளைக்கும். பல ஆறு மாதமும் அதற்கு மேலும் எடுக்கும். முளைக்கவில்லை என்று பாத்தியைக் கொத்திக் கலைத்துவிட வேண்டாம். குருத்து வெளிவந்ததும் வேர் முறியாமல் எடுத்து, மேல்மண்ணும் கூட்டெருவும் மணலும் சம அளவில் கலந்த உயரமான பொலித்தீன் பைக்கு மாற்றுங்கள். முதல் இலை இரண்டாகப் பிளந்த வடிவில் இருக்கும். ஏறத்தாழ ஓர் ஆண்டு பையில் வளர்த்து, நலிந்தவற்றைக் கழித்துவிட்டு உறுதியான கன்றுகளை மட்டும் நடுங்கள்.

நடுதல்

மாத்தளைக்குப் பெருமழை தரும் வடகீழ்ப் பருவத்தின் தொடக்கமே நடுகைக்கு உகந்த காலம். ஐப்பசி மழையுடன் நட்டால் வேர் பிடித்துக்கொள்ளும். இரண்டடி நீள, அகல, ஆழக் குழி வெட்டி மேல்மண்ணும் எருவும் இடுங்கள். கன்றுக்குக் கன்று ஐந்து மீற்றர் இடைவெளி போதும். சரிவான நிலத்தில் குழியின் கீழ்ப்புறம் பிறை வடிவில் சிறு வரம்பு கட்டினால் மழைநீர் நிற்கும். முதல் இரண்டு ஆண்டுகள் வாழை நிழல் நல்லது. காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் குருத்தைத் தோண்டித் தின்னும், முள்வேலி அடையுங்கள். வஸ்கமுவ வனப் பக்கமாகக் காணி உள்ளவர்கள், கித்துள் யானைக்கு மிக விருப்பமான உணவு என்பதை மறக்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 2025 நவம்பரில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையில் மலைநாட்டுச் சரிவுகள் பல இடிந்தன. கித்துளின் வேர்கள் மேல்மண் அரிப்பைக் குறைக்கும். ஆழத்திலிருந்து நகரும் சரிவை அவை தாங்கமாட்டா. அபாயப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடத்தில் மரத்தை நம்பி வீடு கட்ட வேண்டாம்.

காத்திருக்கும் காலம்

காணி உறுதியில்லாத நாம் பன்னிரண்டு ஆண்டுக்குப் பின் பயன் தரும் மரத்தை ஏன் நட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. மீண்டும் எழும்பிப் போக நேருமோ என்ற அச்சம் ஒருமுறை இடம்பெயர்ந்தவரை எளிதில் விடாது. ஆகவே சில வழிகளைக் கூறுகின்றோம். காணி தோட்டத்துக்கோ அரசுக்கோ தனியாருக்கோ உரியதாயின், நடுவதற்கு முன்னரே மரத்தின் பயன் யாருக்கு என்பதை எழுத்தில் பெறுங்கள். அனுமதிப்பத்திரம் கிடைக்காதவர்கள் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்த பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள். கித்துள் வரிசைகளுக்கிடையில் மிளகு, இஞ்சி, வாழை போன்றவற்றை வைத்தால் முதல் ஆண்டுகளிலேயே வருமானம் வரும். பையிலுள்ள கன்று இடம் மாறினாலும் பிழைக்கும். எனவே நாற்றுமேடையைக் காணி உறுதி வரும் வரை காத்திராமல் இன்றே தொடங்கலாம். மிஞ்சும் கன்றுகளை விற்கவும் முடியும்.

சாறு இறக்கும் காலம் வரும்போது, முட்டியில் சுண்ணாம்பு இட்டு இறக்கினால் புளிக்காத சாறு கிடைக்கும். சாற்றின் இனிப்பைப் பொறுத்து ஆறு முதல் எட்டு லீற்றர் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாணி வரும். கள்ளாக இறக்குவதற்கு மதுவரிச் சட்டத்தின் கட்டுப்பாடுகள் உண்டு. சீவத் தொடங்கும் முன் உரிய அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். மரமேறுதல் உயிராபத்துள்ள தொழில். பழகியவரிடம் முறையாகக் கற்காமல் இளைஞர்களை ஏறவிட வேண்டாம்.

ஆண்டுக்கு நான்கு கன்று

ஒரே ஆண்டில் ஐம்பது கன்று நட்டால் அவை ஒரே காலத்தில் பாளை விட்டு, ஒரே காலத்தில் பட்டுப்போகும். ஆண்டுக்கு நான்கு கன்றாகத் தொடர்ந்து நடும் குடும்பத்துக்கு ஒரு மரம் ஓயும்போது மற்றொன்று பாளை விடும். அத்துடன், நல்ல மரம் ஒவ்வொன்றிலும் ஒரு பாளை விதைக்கு என்ற ஒழுங்கை ஊரே கைக்கொண்டால், நமது பிள்ளைகள் ஏறும் மரங்கள் இன்றைய மரங்களிலும் சிறந்தவையாக இருக்கும். இவ்வாண்டு உங்கள் அயலில் கித்துள் சீவுபவரைச் சந்தித்து, எந்த மரத்தின் பாளையை விதைக்கு விடலாம் என்று முதலில் கேட்டறியுங்கள்.