வளவுக்கு வரும் முதல் மிசின்

இலுப்பைக்கடவையில் ஒருவர் உழவு மிசின் எடுக்கப்போகிறார் என்று கதை அடிபட்டால், சந்தியில் முதலில் கேட்பது எத்தனை குதிரை வலு என்று. அடுத்தது, பெட்டியும் சேர்த்தா என்று. மிசின் கவிழ்ந்தால் மேலே இருக்கிறவருக்கு என்ன ஆகும் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வருவதில்லை. இந்தக் கட்டுரைக்கு அந்த மூன்றாவது கேள்விதான் முக்கியம்.

முதலிரண்டையும் சுருக்கமாக முடித்துவிடலாம். வீட்டோடு ஒரு ஏக்கர் மேட்டுக்காணி, வெளியில் இரண்டு மூன்று ஏக்கர் வயல் என்றால் இரண்டு சில்லு லாண்ட்மாஸ்டர் போதும். இரும்புச் சில்லுப் பூட்டிச் சேற்றில் இறக்கலாம், தண்ணீர் இறைக்கலாம், சின்னப் பெட்டியும் இழுக்கும். ஆனாலும் மனம் 45 குதிரை வலு நாலு சில்லுக்குத்தான் போகிறது. காலபோகத்தின் முதல் மழைக்கு ஊர் முழுக்க ஒரே நாளில் உழவுக்கு நிற்கும்போது கூலி மிசினுக்குக் காத்திருந்து ஈரத்தைப் பறிகொடுத்தவருக்கு அந்த ஆசை வருவது நியாயம். இன்னொரு காரணமும் உண்டு; அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 2008 இடப்பெயர்வில் மிசினும் பெட்டியும் இருந்த வீடு கூரைத் தகரம் வரை ஏற்றிக்கொண்டு கிழக்கே போனது. இல்லாத வீடு கையில் தூக்கியதோடு போனது.

மாதத் தவணைதான் எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து என்பார்கள் சிலர். ஆண்டுக்கு ஒரு போகம் விளையும் காணியை வைத்துக்கொண்டு மாதாமாதம் கட்டுவது கடினம்தான். ஆனால் தவணை தவறினால் போவது மிசின்; மிசின் கவிழ்ந்தால் போவது ஆள்.

லாண்ட்மாஸ்டர் சின்னது, ஆபத்தில்லாதது என்ற நினைப்பிலிருந்தே தொடங்கலாம். சமதரையில் இடது பிடியை அழுத்தினால் இடது சில்லுக்கு இயந்திர இழுவை நிற்கும். வலது சில்லு முந்திக்கொள்ள, வண்டி இடப்பக்கம் திரும்பும். குளக்கட்டிலிருந்து சரிவில் இறங்கும்போது இது தலைகீழாகிவிடும். அப்போது இயந்திரம் சில்லுகளைத் தள்ளாமல் தடுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இடது பிடியை அழுத்தினால் அந்தச் சில்லு கட்டவிழ்ந்து உருண்டு முந்தும். வண்டி வலப்பக்கம் போகும். வாங்கிய முதல் வாரத்தில் இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத இளந்தாரி, வாய்க்காலுக்குள் இறங்கித்தான் கற்றுக்கொள்வான்.

நாலு சில்லில் கதை வேறு. மாரியில் பின்சில்லு புதைந்துவிட்டால் நம்மவர்கள் செய்கிற வேலை, சில்லுக்கு முன்னால் மரக்கட்டை கொடுத்து முன்கியரில் உறுக்குவது. சில்லு சுழல முடியாமல் இறுகினால் இயந்திரத்தின் விசை எங்கே போகும்? அச்சைச் சுற்றி மிசினின் உடலே எழும்பும். முன்சில்லு தரையை விட்டுக் கிளம்பி, ஒன்றரை வினாடிக்குள் மிசின் பின்பக்கமாகச் சாரதியின் மேல் விழுந்துவிடும். கிளட்சை மிதிக்க வேண்டும் என்று மூளைக்குத் தெரியவரும் முன்பே எல்லாம் முடிந்திருக்கும். பெட்டியையோ மரக்குற்றியையோ கீழ்க் கொழுக்கியில் மாட்டாமல் உயரத்தில் கட்டி இழுத்தாலும் இதுதான் நடக்கும். புதைந்த மிசினைப் பின்கியரில் எடுக்கப் பார்க்க வேண்டும். வராவிட்டால் இன்னொரு மிசினைக் கூப்பிட வேண்டும். கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

பிறகு மணல். வளவுக்கென்று வாங்கிய மிசின் ஆறு மாதத்தில் மணலும் விறகும் ஏற்றுவது இங்கே புதினமல்ல. உழவைவிடப் பெட்டிதான் உழைக்கிறது. ஒரு கியூப் மணல் 100 கன அடி, ஏறத்தாழ நாலரைத் தொன். இழுக்கிற மிசினோ இரண்டு தொன் அளவில்தான். பெட்டிக்குத் தனி பிரேக் பெரும்பாலும் இருக்காது. வயலில் சடுதியாகத் திருப்பவென்று இடம் வலம் தனித்தனியாக வைத்த பிரேக் மிதிகள் இரண்டையும் சேர்த்துப் பூட்டாமல் ஏ32 வீதியில் ஏறினால், ஓட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் பிடித்து மிசின் சுழலும். பின்னால் நாலரைத் தொன் தள்ளும். அந்தப் பூட்டுக் கொளுவி ஒரு துண்டு இரும்பு. பழைய மிசின்களில் பலதில் துருப்பிடித்துக் கழன்றே போயிருக்கும்.

சுவீடனில் 1959 முதல், புது மிசின் எதையும் கவிழ்வுக் காப்புச் சட்டகம் இல்லாமல் விற்கக்கூடாது என்று விதி வந்தது. சாரதி இருக்கைக்கு மேலே உயரும் இரும்பு வளைவு அது. மிசின் கவிழ்வதை அது தடுக்காது. கவிழ்ந்த மிசினுக்கும் மண்ணுக்கும் நடுவில் ஓர் ஆள் கிடக்க இடம் விடும். அங்கே கவிழ்ந்து சாவது மெல்ல மெல்ல அரிதாகிப்போனது. நமது வயல்களில் ஓடுகிற பழைய மிசின்களில் பெரும்பாலானவற்றில் அந்த வளைவு இல்லை. மட்காட்டில் மட்டும் பிள்ளையை ஏற்றி இருத்த இடம் இருக்கிறது. மடுத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு பெட்டியில் போகிறவர்களும் அதே மட்காட்டில் இன்னும் இருவரை ஏற்றிக்கொள்கிறார்கள்.

ஆகவே, புதிது வாங்கினால் விலை பேசும்போது குடையும் பாட்டுப்பெட்டியும் இனாமாகக் கேட்பதை விட்டுவிட்டு அந்த வளைவைக் கேளுங்கள். ஐந்து குதிரை குறைந்தாலும் பரவாயில்லை, வளைவோடு வரும் மிசினை எடுங்கள். பழையது பார்க்கப் போனால் பெயின்ற்றில் மயங்காமல் பிரேக் கொளுவியைத் தேடுங்கள், பின்னால் சுழலும் தண்டுக்கு மூடி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சாரமும் சேலையும் சுற்றுகிற இடம் அது. ஊர் ஒட்டுக்கடையில் தண்ணீர்க் குழாயை வளைத்து ஒட்டிய சட்டகம் முதல் அடியிலேயே மடியும், அதை நம்ப வேண்டாம். இருக்கைப் பட்டி, உறுதியான வளைவு உள்ள மிசினில் மட்டும். வளைவில்லாத மிசினில் பட்டி கட்டினால் குதித்துத் தப்புகிற வழியும் அடைபட்டுவிடும்.