ரிலேயின் ஏணி – 9: வயர் அறுந்தாலும் அலற வேண்டும்

போன வாரம் மோட்டார் ஸ்டார்ட்டரின் ஹோல்டிங் கான்டாக்ட் வரை பார்த்தோம். இந்த வாரம் அலாரம். மோட்டார் சர்க்யூட்டைத் தூக்கத்தில்கூட வரையக்கூடியவர்கள் இங்கே வந்ததும் தடுமாறுவதுண்டு. காரணம் ஒன்றுதான்: மோட்டாரில் வேலை நடக்க ரிலே இழுக்கிறது, நல்ல அலாரத்திலோ ஆபத்து வந்ததும் ரிலே விடுகிறது.

பாய்லர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் மட்டம் குறைந்தால் ஹூட்டர் அடிக்க வேண்டும். (இதே சிக்னல் பர்னரையும் நிறுத்த வேண்டும், அது வேறு கதை.) புதிதாகப் படிப்பவர் போடும் படம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: மட்டம் இறங்கினால் மூடிக்கொள்ளும் ஃப்ளோட் சுவிட்ச், அதோடு சீரிஸில் ஹூட்டர். சோதித்தால் அடிக்கும். ஆனால் பாய்லருக்கும் பேனலுக்கும் நடுவே ஓடும் வயரை எலி கடித்துவிட்டால்? பேனல் சும்மா இருக்கும். தண்ணீர் வற்றினாலும் சும்மாவே இருக்கும். எல்லாம் நன்றாக இருப்பதற்கும் வயர் அறுந்து கிடப்பதற்கும் அதில் வித்தியாசமே தெரியாது.

அமெரிக்க ரயில்வேயில் வில்லியம் ராபின்சன் எதிர்கொண்டதும் இதே சிக்கல்தான். அவருடைய முதல் ஏற்பாட்டில் ரயில் வந்தால்தான் மின்சாரம் ஓடும். எங்காவது வயர் விட்டுப்போனால் பாதை காலி என்றே காட்டும். அதைத் தலைகீழாக்கி 1872இல் காப்புரிமை பெற்றார். தண்டவாளத்தின் ஒரு முனையில் பேட்டரி, மறுமுனையில் ரிலே. பாதை காலியாக இருக்கும்வரை தண்டவாளம் வழியே மின்சாரம் ஓடி ரிலேயை இழுத்துப் பிடித்திருக்கும். ரயில் ஏறியதும் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடும், மின்சாரம் அந்தக் குறுக்குவழியில் போய்விடும், ரிலே விடும், சிக்னல் ஆபத்துக்கு மாறும். பேட்டரி தீர்ந்தாலும் வயர் அறுந்தாலும் நடப்பது அதுவேதான். ட்ராக் சர்க்யூட் என்று இன்றும் ரயில்வேயில் புழங்குவது இந்த யோசனைதான்.

அதையே நம் ஏணியில் ஏற்றுவோம். இடப்பக்கக் கம்பம் 24 வோல்ட் பாசிட்டிவ், வலப்பக்கம் நெகட்டிவ். முதல் படியில் ஃப்ளோட் சுவிட்ச், அடுத்து மட்ட ரிலேயின் காயில். தண்ணீர் போதுமான அளவு இருந்தால் சுவிட்ச் மூடியிருக்கும். ரிலே நாள் முழுக்க இழுத்தபடியே இருக்கும். இரண்டாவது படியில் மட்ட ரிலேயின் என்.சி. கான்டாக்ட், அடுத்து நினைவு ரிலேயின் காயில்.

இங்கே சற்று நில்லுங்கள். படத்தில் அந்த என்.சி. கான்டாக்ட், ரிலே பேஸில் 11-12, மூடியதாகவே வரையப்பட்டிருக்கும். பேனலில் போய் மீட்டர் வைத்தால் திறந்திருக்கும். லேடர் டயகிராமில் எல்லாக் கான்டாக்ட்டும் காயிலுக்கு மின்சாரம் இல்லாத நிலையில்தான் வரையப்படும். நம் மட்ட ரிலேவுக்கோ எப்போதும் மின்சாரம் உண்டு. ஃப்ளோட் சுவிட்சும் அப்படியே: தண்ணீர் இல்லாமல் மிதவை தொங்கும் நிலையில் அது திறந்திருக்கும், படத்திலும் திறந்தே இருக்கும். படம் காட்டுவது பேனல் உயிரற்றுக் கிடக்கும் நேரத்தை. அதனால் அலாரம் சர்க்யூட்டைப் படிக்கும்போது, இயல்பான நாளில் எந்தெந்தக் காயில் இழுத்திருக்கும் என்று முதலில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பழக்கம் இல்லாமல் யாரும் அலாரம் பேனலில் கை வைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இனி வேகமாகப் போகலாம். மட்டம் குறைந்தால் மட்ட ரிலே விடும், நினைவு ரிலே இழுக்கும். அதன் என்.ஓ. கான்டாக்ட்டில் ஒன்று சிவப்பு விளக்கை எரிய வைக்கும், மற்றொன்று தனிப் படியில் ஹூட்டரை அடிக்க வைக்கும். மூன்றாவது, மட்ட ரிலேயின் என்.சி.க்குப் பேரலலாக நின்று, தன்னையே பிடித்துக்கொள்ளும். தண்ணீர் மறுபடி ஏறினாலும் விளக்கு அணையாது. இரவில் என்ன நடந்தது என்று காலையில் வருபவருக்குத் தெரியும்.

ரீசெட் பட்டனை எங்கே வைப்பது? காயிலுக்கு நேர் முன்னால் வைத்தால், ஆபத்து நீடிக்கும்போதே ஒருவர் பட்டனை அழுத்திப் பிடித்து விளக்கை அணைத்துவிட முடியும். ஹோல்டிங் கான்டாக்ட்டின் கிளையில் மட்டும் வையுங்கள். தண்ணீர் உண்மையிலேயே ஏறாதவரை எவ்வளவு அழுத்தினாலும் விளக்கு அணையாது.

அக்செப்ட் பட்டனுக்கு மூன்றாவதாக ஓர் அமைதி ரிலே. பட்டனை அழுத்தினால் அது இழுத்துத் தன்னைப் பிடித்துக்கொள்ளும், அதன் என்.சி. ஹூட்டர் படியைத் துண்டிக்கும். சத்தம் நிற்கும், விளக்கு நிற்காது. இந்த ரிலேவுக்கு மின்சாரம் எங்கிருந்து தருவது என்பதில்தான் சூட்சுமம். நினைவு ரிலே வழியாகத் தந்தால், தண்ணீர் ஏறி, ரீசெட் செய்ய மறந்து, மறுபடி தண்ணீர் இறங்கும்போது ஹூட்டர் அடிக்காது. மட்ட ரிலேயின் இன்னொரு என்.சி. வழியாகத் தந்தால் அந்த ஓட்டை அடைபடும். ஆனால் தண்ணீர் ஏறிய கணத்தில் அமைதி ரிலே விட்டு ஹூட்டர் மறுபடி அலறும். ரிங்பேக் என்று இதை வேண்டுமென்றே செய்யும் பேனல்கள் உண்டு. சத்தம் தொல்லை என்பார்கள். நான் இரண்டாவதையே போடுவேன். ரீசெட் அழுத்த ஆளை வரவழைப்பது அந்தச் சத்தம்தான்.

ஒன்று பாக்கி: 24 வோல்ட் சப்ளையே போனால் மூன்று ரிலேயும் விடும், ஹூட்டரும் ஊமையாகும். ஆகவே அந்த சப்ளையைக் கண்காணிக்கும் ரிலேயின் என்.சி. வழியாக, தனி பேட்டரியில் இன்னொரு மணி.

அடுத்த வாரம் பல அலாரங்கள் சேர்ந்து வரும் நிலை. 1979 மார்ச் 28 அதிகாலையில் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் முதல் சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவை வந்தன. அவற்றில் முதலில் வந்தது எது என்று பிடித்து வைக்கும் சர்க்யூட்டை வரைவோம்.