ஒரு சமையற்கட்டு, இரண்டு மருமகள்: டூயல் பூட் எப்படி இயங்குகிறது?

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவர்களில் பலர் கிராஃப் தாளை விட்டுக் கணினிக்கு வந்துவிட்டார்கள். திரையில் கட்டம் கட்டமாக வரைகிற அன்னமும் யாளியும் அட்டையாகவோ கோப்பாகவோ தறியின் ஜக்கார்டுக்குப் போகின்றன. சிலரிடம் இருக்கும் டிசைன் மென்பொருள் பழையது. யு.எஸ்.பி.யில் டாங்கிளைச் செருகினால்தான் திறக்கும். அந்த டாங்கிளின் டிரைவர் விண்டோஸ் 10-இல் ஓடும். பழைய டிரைவர் என்பதால் விண்டோஸ் 11 அதைத் தடுத்துவிடலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதனால் டிசைன் பழையதில், ஜி.எஸ்.டி.யும் வங்கி வேலையும் புதியதில் என்றாகிறது. இதற்காக இன்னொரு கணினி வாங்க வேண்டாம். ஒரே கணினியில் இரண்டையும் வைக்கலாம்; அதுதான் டூயல் பூட்.

கூட்டுக்குடும்பத்துச் சமையற்கட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடுப்பு ஒன்று, மேடை ஒன்று, மருமகள்கள் இரண்டு பேர்: மூத்தவர் விண்டோஸ் 10, இளையவர் விண்டோஸ் 11. ஒருவர் சமைக்கும் வேளையில் மற்றவர் உள்ளே வருவதில்லை. அடுப்புதான் பிராசஸர், மேடைதான் ரேம். ஆளுக்கொரு அலமாரி உண்டு; அது பார்டிஷன். அரிசி பருப்புக்குப் பொதுவாக மூன்றாவது அலமாரி ஒன்றும் வேண்டும். டிசைன் கோப்புகளை அதில் வைத்தால் இரண்டு பேரும் எடுக்கலாம். ஒரு விசித்திரம்: எந்த விண்டோஸில் நுழைந்தாலும் அது தன் அலமாரியைத்தான் ‘சி’ என்று சொல்லும், மற்றதை ‘டி’ அல்லது ‘இ’ என்று காட்டும். பெயரை நம்பி எதையும் அழித்துவிடாதீர்கள், அளவையும் பாருங்கள்.

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழித்துக்கொள்வது விண்டோஸ் அல்ல, மதர்போர்டில் குடியிருக்கும் யு.இ.எஃப்.ஐ. என்ற மென்பொருள். அது கதவைத் திறந்து, அடுப்பும் மேடையும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, டிஸ்கில் உள்ள சின்ன இ.எஃப்.ஐ. பார்டிஷனுக்குப் போகிறது. பெரும்பாலும் 100 எம்.பி.தான் இருக்கும். மாமியார் அங்கேதான் இருக்கிறார்: பூட் மேனேஜர். “இன்று யார் சமையல்?” என்று திரையில் கேட்டு 30 விநாடி காத்திருப்பார். பதில் வராவிட்டால் வழக்கமானவரை அனுப்பிவிடுவார்.

மூத்தவர் முதலில் குடியேற வேண்டும், இளையவர் பிறகு. புதிய பதிப்பின் பூட் மேனேஜருக்குப் பழையதைத் தெரியும். பழையதற்குப் புதியதைப் பற்றி ஒன்றும் தெரியாது. டிஸ்க் மேனேஜ்மென்டில் ‘ஷ்ரிங்க் வால்யூம்’ கொடுத்து இடம் ஒதுக்குங்கள். விண்டோஸ் 11 குறைந்தது 64 ஜி.பி. கேட்கிறது, 100 ஜி.பி. கொடுப்பது நல்லது. பென் டிரைவிலிருந்தே கணினியைத் தொடங்கி நிறுவுங்கள்; விண்டோஸ் 10-க்குள்ளிருந்து ‘அப்கிரேட்’ பக்கம் போகவே கூடாது. போனால் மூத்தவரின் இடத்தில் இளையவர் வந்து உட்கார்ந்துவிடுவார். ‘கஸ்டம்’ எடுத்து, காலியாக ஒதுக்கிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டுக்கும் தனித்தனி லைசென்ஸ் வேண்டும். விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத கணினியில் இந்த வேலையையே தொடங்காதீர்கள்.

நிறுவுவதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது அடுப்பை அணைக்கும் விதம். விண்டோஸ் 8 காலத்திலிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்று இருக்கிறது. ‘ஷட் டவுன்’ கொடுத்தால் கணினி முழுதாக அணைவதில்லை. தன் நினைவில் ஒரு பகுதியை டிஸ்கில் எழுதிவைத்துவிட்டுப் படுக்கிறது. அதாவது, மூத்தவர் பொது அலமாரியில் எந்த டப்பாவில் எவ்வளவு இருக்கிறது என்று மனக்கணக்குப் போட்டுவிட்டுப் போகிறார். இடையில் இளையவர் வந்து டப்பாக்களை மாற்றி அடுக்குகிறார். மறுநாள் மூத்தவர் பழைய கணக்கை நம்பியே கையை விடுகிறார். நாட்கணக்கில் உட்கார்ந்து வரைந்த ஒரு முந்தானைக் கோப்பு இப்படிச் சிதைந்துபோகலாம். ஆகவே இரண்டு பதிப்பிலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். அது முழுதாக அணைத்துவிட்டே எழுப்பும்.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு டூயல் பூட் புதிதல்ல. 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் பிறகு வந்த கணினிகளில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. நீங்களும் விண்டோஸோடு லினக்ஸைச் சேர்க்கும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பிசகினால் பயப்பட வேண்டாம். மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் இந்திய நேரமாகப் படிக்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரமாகப் படிக்கிறது. லினக்ஸின் அமைப்பில் ஒரு வரியை மாற்றினால் போதும்.

டிஸ்கைத் தொடும் முன் டிசைன் கோப்புகள் அத்தனையையும் வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, அதைக் கழற்றித் தனியே வையுங்கள். டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்த பிறகு விண்டோஸ் 10-இன் பக்கம் இணையத்தைத் துண்டித்துவிட்டு, அதை டிசைனுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.